ஹைப்ரிட் காரில் ஆக்சிஜன் சென்சார் கோளாறு: அறிகுறி பார்த்து வீட்டிலேயே சரிசெய்வது

'செக் எஞ்சின்' விளக்கு எரிகிறது, காரில் செருகிப் பார்க்கும் ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் பெயரோடு ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது. உடனே சென்சாரை வாங்கி மாட்டிவிடத்தான் கை பரபரக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சைலன்சர் குழாயில் இருக்கும் சென்சார், எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்லும் சாட்சி மட்டுமே. காற்றுக் கசிவு, எலி கடித்த ஒயர், எரிந்த ஃபியூஸ், இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரி எல்லாமே சென்சார் கோடாக வந்து நிற்கும்.

செட்டிநாட்டில் இது கூடுதலாகப் பொருந்தும். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஊருக்கு வரும்போதுதான் காரை எடுப்பார்கள். மாதக்கணக்கில் நின்ற காரில் சென்சார் தானாகக் கெடுவது அரிது. சுற்றியிருப்பவைதான் முதலில் கெடும்.

எந்த வேலைக்கும் முன்னால் வாரண்டி பாருங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட், ஹைகிராஸ், சிட்டி இ:எச்இவி எல்லாமே 2022 முதல் வந்தவை. வாரண்டி ஓடுகிற காரில் நீங்களே கைவைத்து ஒயரை வெட்டினால் அந்தப் பழி உங்கள் தலையில் விழும். கீழே உள்ளது வாரண்டி முடிந்த கார்களுக்கும், பழைய பிரியஸ், கேம்ரி வைத்திருப்பவர்களுக்கும்.

முதலில் எது எது

மூன்று அல்லது நான்கு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினில் பொதுவாக இரண்டு சென்சார் இருக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது 'பேங்க் 1 சென்சார் 1'. டொயோட்டாவில் இது ஏர்-ஃபியூயல் சென்சார். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் இருக்கும்போது ஸ்கேனரில் ஏறக்குறைய 3.3 வோல்ட் காட்டும். பெட்ரோல் கூடினால் இறங்கும், காற்று கூடினால் ஏறும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பது 'சென்சார் 2'. இது 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் ஆடும் பழைய வகை, இதன் கணக்கு தலைகீழ்: பெட்ரோல் கூடினால் வோல்ட் ஏறும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சென்சாரைக் கெட்டது என்று கழற்றுபவர்கள் நிறைய.

சாதாரண காரில் இல்லாத ஒரு சிக்கல் ஹைப்ரிட்டில் உண்டு. எஞ்சின் தன் இஷ்டத்துக்கு நின்று நின்று ஓடும். நின்றதும் குழாயில் வெறும் காற்று நிரம்பும். முன் சென்சார் 'காற்று அதிகம்' என்று ஏறும், பின் சென்சார் பூஜ்யத்துக்கு விழும். அந்த நேரத்தில் ஸ்கேனரில் தெரியும் எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும். எஞ்சின் தொடர்ந்து ஓடினால்தான் அளவுக்கு அர்த்தம்.

அதற்குத்தான் எஞ்சினை விடாமல் ஓடவைக்கும் மெயின்டனன்ஸ் மோடு. டொயோட்டா ஹைப்ரிட்களில் பெரும்பாலும் இந்த வரிசை: பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தி இக்னிஷன் ஆன் நிலைக்கு வாருங்கள். கியர் 'பி'-யில் இருக்க ஆக்சிலரேட்டரை அடிவரை இரண்டு முறை மிதியுங்கள். பிரேக் பிடித்து 'என்'-னுக்கு மாற்றி மறுபடி இரண்டு முறை. திரும்ப 'பி'-க்கு வந்து இரண்டு முறை. பிறகு பிரேக்கை மிதித்து பவர் பட்டன். எல்லாம் 60 விநாடிக்குள் முடிய வேண்டும். டிஸ்பிளேயில் மெயின்டனன்ஸ் மோடு என்று வந்து எஞ்சின் விடாமல் ஓடும். உங்கள் காரின் வரிசையை மேனுவலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்; ஹோண்டாவில் வேறு. இந்த மோடில் காரை ஓட்டக் கூடாது, டிரான்ஸ்ஆக்சில் (ஹைப்ரிட்டின் கியர்பாக்ஸ்) கெடும். மூடிய ஷெட்டுக்குள்ளும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

விளக்கு மட்டும் எரிகிறது, ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை: ஹீட்டர் கோடுகள்

பி0135, பி0031, பி0032 வந்தால் முன் சென்சாரின் ஹீட்டர். பி0141, பி0037, பி0038 வந்தால் பின் சென்சாரின் ஹீட்டர். சென்சார் சூடேறினால்தான் வேலை செய்யும், அந்தச் சூட்டை விரைவாகத் தருவது உள்ளிருக்கும் ஹீட்டர். எஞ்சின் அடிக்கடி நிற்கும் ஹைப்ரிட்டில் ஹீட்டருக்கு ஓய்வு குறைவு.

முன், பின் இரண்டு ஹீட்டருக்கும் ஒரே நேரத்தில் கோடு வந்திருக்கிறதா? அப்படியானால் சென்சார் வாங்கப் போகாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் சாவதில்லை. ஃபியூஸ் அல்லது ரிலே. பானட்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியில் 'ஈஎஃப்ஐ' என்று குறித்தவற்றை எடுத்துப் பாருங்கள். ஃபியூஸ் எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்றும் தேட வேண்டும்: ஒயர் ஹீட் ஷீல்டில் (வெப்பத் தடுப்புத் தகட்டில்) உரசி உருகியதா, எலி கடித்து இரண்டு ஒயர் ஒட்டிக்கொண்டதா? காரணத்தை விட்டுவிட்டுப் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது காரைக் கொளுத்தும் வழி.

ஒன்றுக்கு மட்டும் கோடு என்றால், கார் முழுக்க அணைந்து ஆறிய பிறகு அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்தான் ஹீட்டர். சென்சார் பக்கம் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். டொயோட்டாவில் 20 டிகிரி சூட்டில் முன் சென்சாருக்கு ஏறக்குறைய 1.6 முதல் 3.4 ஓம், பின் சென்சாருக்கு 11 முதல் 16 ஓம். சித்திரை வெயிலில் அளந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அது கோளாறு இல்லை. மலிவான மீட்டரில் இன்னொரு பொறி உண்டு: மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.5 ஓம் என்று காட்டும். 2 ஓம் அளக்கும் இடத்தில் அது சின்ன வித்தியாசம் அல்ல, கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அளவே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சார் மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் ஒயருக்கும் சென்சார் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினாலும் அதே முடிவு.

ஓம் சரியாக இருந்தால் கார் பக்கக் கனெக்டரைப் பாருங்கள். இக்னிஷன் ஆன் நிலையில் ஹீட்டர் ஊசி ஒன்றில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒயரைப் பின்தொடர்ந்து போங்கள்.

மாதக்கணக்கில் நின்ற காரில் ஒரே நாளில் ஐந்தாறு கோடு

சென்சாரோடு ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஹைப்ரிட் சிஸ்டம் என்று சம்பந்தமில்லாத கோடுகளும் சேர்ந்து வந்தால் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகியுங்கள். ஹைப்ரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரிதான். ஆனால் கம்ப்யூட்டர்களை எழுப்புவது 12 வோல்ட் பேட்டரி. சுழற்றும் பாரம் இல்லாததால் அது சாகக் கிடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் நலம், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டு, கோடுகளை அழித்து, பிறகு பாருங்கள். பல கார்களில் இந்தப் பேட்டரி டிக்கியிலோ பின் சீட்டுக்குப் பக்கத்திலோ இருக்கும்.

அடுத்தது எலி. பானட்டைத் திறந்ததும் எஞ்சின் மேல் தேங்காய் நார், வைக்கோல், நெல் உமி கிடந்தால் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடி பெரும்பாலும் கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கார் பக்க ஒயரை வெட்டிச் சேர்க்கலாம். சென்சாரிலிருந்து கனெக்டர் வரை உள்ள ஒயரை மட்டும் சால்டர் வைத்துச் சேர்க்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயரின் உறைக்குள் உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் ஊற்றினால் மூச்சு அடைபடும். அந்தக் கனெக்டருக்குள் கிரீஸ் தடவக் கூடாது என்பதும் இதனால்தான்.

மைலேஜ் இறங்கிவிட்டது, எஞ்சின் அடிக்கடி ஓடுகிறது, பெட்ரோல் வாடை

'பெட்ரோல் அதிகம்' என்னும் பி0172, பி2196 வரலாம். கோடே இல்லாமலும் இருக்கலாம். மெயின்டனன்ஸ் மோடில் எஞ்சினைச் சூடேற்றி லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் சதவீதம்) ஸ்கேனரில் பாருங்கள். கழித்தல் 10-க்கும் கீழே நின்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். செம்மண் தூசி அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும், ஆனால் மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு, கசியும் இன்ஜெக்டர் இவற்றைப் பார்த்த பிறகுதான் சென்சார். பர்ஜ் வால்வைச் சோதிப்பது எளிது: எஞ்சின் சும்மா ஓடும்போது கேனிஸ்டர் (ஆவியைச் சேர்த்துவைக்கும் பெட்டி) பக்கக் குழாயைக் கழற்றி விரலை வையுங்கள், இழுவை இருந்தால் வால்வு கசிகிறது. ஆனால் வால்வுக்குத் திறக்க உத்தரவு போகாத நேரமா என்று ஸ்கேனரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பி0133 வந்தால் முன் சென்சார் மந்தம். அது உண்மையாகவே சென்சார் வயதானதன் அடையாளமாக இருக்கலாம். சோதிக்க, எஞ்சின் ஓடும்போது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கார்ப் கிளீனர் ஸ்பிரே ஒரு சிறு பீச்சல். பெட்ரோல் கூடியதாக முன் சென்சார் உடனே 3.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துப் பின் சென்சார் 0.55-க்கு மேல் ஏற வேண்டும். பின்னது துள்ளி ஏறி, முன்னது அசையாமல் 3.3-லேயே உட்கார்ந்திருந்தால் முன் சென்சார் போய்விட்டது. இரண்டும் அசைந்தால் சென்சார்கள் நலம், கோளாறு வேறிடம். தெறிக்கும் ஸ்பிரே தீப்பிடிக்கும் பொருள். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு பக்கம் போகவே கூடாது.

'காற்று அதிகம்' என்று வருகிறது: பி0171, பி2195

டிரிம் கூட்டல் பக்கம் ஏறி நிற்கும். ஆனால் கூட்டல் 3, 4 என்றால் பயப்பட வேண்டாம். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் உள்ள எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 10 சதவீதம் கலந்த இ10-ஐவிடக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். கம்ப்யூட்டர் அதைத் தானாகச் சரிக்கட்டும். 10-க்கு மேல் போனால்தான் தேட வேண்டும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர் கசிவு. முன் சென்சாருக்கு முந்தைய கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் 'காற்று அதிகம்' என்று உண்மையைத்தான் சொல்லும், கம்ப்யூட்டர் வீணாகப் பெட்ரோலைக் கொட்டும். ஆறிய காரில் சைலன்சர் வாயில் ஈரத்துணி சுற்றி, வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கக் குழாயை வைத்து ஊதுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசிவு. ஃபிளேஞ்சில் (குழாய்கள் இணையும் விளிம்பில்) கரிக்கோடு தெரிந்தாலும் அதே. கேஸ்கெட் விலை சென்சார் விலையில் சொற்பம்.

கசிவை அடைக்க சிலிகான் பேஸ்ட் மட்டும் வேண்டாம். அதன் ஆவி சென்சார் முனையில் வெள்ளைப் பூச்சாகப் படிந்து புதுச் சென்சாரையும் கொன்றுவிடும்.

பி0420: கன்வர்ட்டர் கோடு

பின் சென்சாரை மாற்றினால் இது போய்விடும் என்பது பட்டறைகளில் உலவும் மூடநம்பிக்கை. நல்ல கன்வர்ட்டர் இருந்தால் சீரான வேகத்தில் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். 0.1-க்கும் 0.9-க்கும் ஓயாமல் ஆடினால் சென்சார் நன்றாக வேலை செய்கிறது, கன்வர்ட்டர்தான் ஓய்ந்துவிட்டது. கசிவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, கூலன்ட் குறைகிறதா என்றும் பாருங்கள். அவை நிற்காமல் புதுக் கன்வர்ட்டர் போட்டாலும் அதே கதி.

மாற்றுவதென்று முடிவானால்

சென்சாரின் உடலில் அல்லது ஒயர் லேபிளில் உள்ள எண்ணையும் காரின் சேஸிஸ் எண்ணையும் கொண்டு போய் வாங்குங்கள். மதுரை, திருச்சிக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். கனெக்டர் பொருந்துகிறதே என்று வாங்காதீர்கள். முன், பின் சென்சார் கனெக்டர்கள் சில கார்களில் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு வேறு. ஒயர் வெட்டிச் சேர்க்கும் யுனிவர்சல் வகை ஏர்-ஃபியூயல் சென்சாருக்கு ஆகாது. டென்சோ நிறுவனத்தின் பெயரில் பாதி விலைக்குக் கிடைப்பதையும் ஒதுக்குங்கள்.

கருவி: ஒயர் நுழையப் பக்கத்தில் பிளவு உள்ள 22 மி.மீ. சென்சார் சாக்கெட், நீளக் கைப்பிடி ராட்செட், துருநீக்கி எண்ணெய், மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச், கையுறை, ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்டு. மரை பழுதானால் எம்18 × 1.5 டேப் (மரை வெட்டும் கருவி).

இடத்தையும் யோசியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் ஜாக் ஸ்டாண்டு போட்டால் கல் உடையும், துருநீக்கி சிந்தினால் கறை போகாது. வெளியே செம்மண் தரையில் ஸ்டாண்டு அமிழும். எங்கே செய்தாலும் 18 மி.மீ. பிளைவுட் பலகையை அடியில் போடுங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் காருக்கு அடியில் பின்னாலிருந்து முன்னால் ஓடும், அதில் உயிரைப் பறிக்கும் வோல்ட் உண்டு. ஜாக் அதன் மேல் படக் கூடாது, ஸ்பானரை அதில் ஊன்றக் கூடாது. இந்த வேலைக்கு, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டியதில்லை.

முதல் நாள் மாலை, எஞ்சின் ஆறிய பிறகு, மரையில் துருநீக்கியைத் தெளித்து இரவு ஊறவிடுங்கள். காலையில் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் மரை விட்டுக்கொடுக்கும். பிறகு பவரை அணைத்து, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 'ரெடி' நிலையில் விட்ட ஹைப்ரிட் சத்தமே இல்லாமல் நிற்கும், நினைத்த நேரத்தில் எஞ்சின் கிளம்பிவிடும். கை உள்ளே இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

பல டொயோட்டா ஹைப்ரிட்களில் மேனிஃபோல்டு எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புச் சுவர் பக்கம் இருக்கிறது. முன் சென்சாரை எட்ட வைப்பர் கைகளையும் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்ற வேண்டி வரும். வைப்பர் நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பின் சென்சார் பெரும்பாலும் அடியிலிருந்து. சில கார்களில் அதன் ஒயர் தரை ரப்பர் வழியாகக் காருக்குள் போகும். அப்போது கனெக்டர் கம்பளத்துக்கு அடியில் இருக்கும், வெளியே தேடிப் பயனில்லை.

கனெக்டரை முதலில் பிரியுங்கள், பிறகு சென்சாரைத் திருகுங்கள். இடப்பக்கம் திருகினால் கழலும். அசையவில்லை என்றால் கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் ஆட்டி எண்ணெய் விட்டு ஆட்டி எடுங்கள். ஒரே தம்மில் இழுத்தால் மரையும் சேர்ந்து வரும்.

கழற்றிய முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு இயல்பு. கரி மண்டியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் பொடி சிலிகான் அல்லது கூலன்ட். இவற்றில் ஏதாவது இருந்தால் புதியதை மாட்டும் முன் அதன் காரணத்தைத் தீர்க்க வேண்டும், இல்லையேல் அடுத்த வருஷம் மறுபடி செலவு.

புதியதை மூடியை உருவிய பிறகு கீழே வைக்காதீர்கள், தட்டாதீர்கள். உள்ளே பீங்கான், கைதவறி விழுந்தால் வெளியில் கீறல் தெரியாமலே உடைந்திருக்கும். பல சென்சாரில் மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவியே வரும். இல்லாவிட்டால் மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள், முனையில் ஒரு துளியும் படக் கூடாது. ஒயர் முறுகாமல் இருக்க, கனெக்டரை மாட்டாமல் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். மரை நேராக ஏறவில்லை என்று கை உணர்ந்தால் நிறுத்துங்கள். இறுக்கும் அளவு 40 முதல் 45 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 17 கிலோ இழுவை. ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். தொங்கவிட்டால் ஹீட் ஷீல்டு உருக்கிவிடும்.

மரை கிழிந்து வந்துவிட்டால் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி மெதுவாக ஓட்டுங்கள், சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் குழாயைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் புஷ் வைப்பதே வழி. வெல்டிங் மெஷினைக் காருக்கு அருகில் கொண்டுவர அனுமதிக்காதீர்கள்.

மாற்றிய பிறகும் விளக்கு

கோடை அழித்துவிட்டுப் பாருங்கள். உடனே அதே ஹீட்டர் கோடு வந்தால் கனெக்டர் சரியாகக் கிளிக் ஆகவில்லை, அல்லது கார் பக்கத்தில் சப்ளை இல்லை. சில நாள் கழித்து வந்தால் கசிவைத் தேடுங்கள். ஸ்கேனர் இல்லாமல் விட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும்.

பேட்டரி கழற்றியதால் டிரிம் எல்லாம் அழிந்திருக்கும், முதலில் எஞ்சின் கொஞ்சம் தடுமாறலாம். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் பாதி நேரம் மின்சாரத்திலேயே ஓடிவிடும், கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகள் முடியவே முடியாது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை சீரான வேகத்தில் போய் வாருங்கள், பெரும்பாலும் அதிலேயே முடியும்.

புகைச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறதென்றால் இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். பிஎஸ்6 காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனை நிலையத்தில் குழாயை நுழைத்ததும் எஞ்சின் நின்றுபோய் அளவு விழவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே மெயின்டனன்ஸ் மோடில் போட்டுக் காட்டுங்கள், முடிந்ததும் பவரை அணைத்து அந்த மோடிலிருந்து வெளியே வந்த பிறகுதான் காரை நகர்த்த வேண்டும்.